நாற்பத்து நான்காவது கைபேசி

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, ஒரு வங்கித் தலைமை அலுவலகத்தின் ஆறாவது மாடியில், கருவிக் காப்பகத்தின் மேசைமேல் ஒரு மடிக்கணினி எடை போடப்பட்டது. உள்ளே ஒரு கைபேசி ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம். அதை நிறுத்திய பிறகும் இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம். இரண்டு அளவுகளும் பதிவேட்டில் ஏறின. தபால் பிரிவிலிருந்து தராசைத் தூக்கிவந்தவர் சாட்சிக் கையெழுத்து போட்டார்.

கணினிக்குள் கைபேசி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அந்த வங்கிக்கு ஒரு செயலி இருந்தது. புதிய பதிப்பு வெளியாவதற்கு முன் அதைப் பலவகைக் கைபேசிகளில் ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது சோதனைப் பிரிவில் இருந்த முப்பத்தெட்டுப் பேரின் வேலை. அதற்காக வங்கி நாற்பத்து மூன்று கைபேசிகள் வைத்திருந்தது. அவற்றைப் பாதுகாக்கப் பதினொரு பேர் கொண்ட கருவிக் காப்பகம் இருந்தது. நாற்பத்து மூன்றில் இருபத்தொன்பது வெளியே போவதில்லை. அவை புதியவை, கெட்டுப்போகும். ஒன்பது வெளியே போவதில்லை; அவை பழையவை, தாங்காது. மீதி ஐந்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மூன்று பிரதிகளில் விண்ணப்பம், அணித் தலைவரின் கையெழுத்து, காரணம் பத்து வரிக்குக் குறையாமல். மாலை ஐந்து மணிக்குள் திரையைத் துடைத்து, நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, துணிப்பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். தொண்ணூற்றொன்பது என்றால் வாங்கமாட்டார்கள்.

காப்பகத்தின் தலைவர் காப்பாளர் எனப்பட்டார். முதுகுக்குப் பின்னால் பூட்டு எனப்பட்டார்.

சோதனைப் பிரிவில் ஐந்து மாதமாகத் தகுதிகாண் பணியில் ஒரு பெண் இருந்தார். எதைச் சொன்னாலும் ஆதாரமாக ஒரு படத்தை இணைத்து அனுப்புவார் என்பதால் அவருக்கு ஸ்க்ரீன்ஷாட் என்று பெயர். மார்ச் 31 அன்று அவருடைய பணி உறுதியாக வேண்டியிருந்தது. அவரும் அக்காவும் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், ஏப்ரலிலிருந்து ஒப்பந்தம் நீட்டிக்க வேண்டுமானால் நிரந்தர வேலைக் கடிதம் காட்டச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒப்பந்த வேலை. அது கணக்கில் வராது என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆகவே அந்த ஒரு கடிதத்தில் அந்த வீடு இருந்தது.

பிப்ரவரி முழுவதும் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கைபேசி கிடைக்கவில்லை. அதனால் எமுலேட்டர் ஒன்றைக் கணினியில் நிறுவினார். எமுலேட்டர் என்பது கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசி. திரையில் ஒரு சிறிய சன்னலாகத் தெரியும், தொட வேண்டிய இடத்தில் சுட்டியால் சொடுக்கலாம். முதலில் எல்லோரும் பயன்படுத்தும் பெரிய எமுலேட்டரைப் போட்டார். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியின் விசிறி பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரைந்தது. பிறகு கணினி நின்றுவிட்டது. ஒரு மதியம் தேடி இலகுவான வேறொன்றைக் கண்டுபிடித்தார். அதில் பாட்டு, விளையாட்டு, கடை எதுவும் கிடையாது. ஒரு கைபேசி இயங்கத் தேவையானது மட்டும். கணினியின் அமைப்புப் பக்கத்தில் அணைந்துகிடந்த ஒரு வசதியை இயக்கினார். குறைந்த நினைவகம், சிறிய திரை, வேகமில்லாத இணைப்பு என்று அமைத்தார். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அப்படிப்பட்ட கைபேசிதான். இருபது நொடியில் கைபேசி எழுந்தது. அன்று மாலைக்குள் பதினேழு பிழைகள் கிடைத்தன. பதினேழையும் படங்களோடு அனுப்பினார்.

பிழைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிப்ரவரி கடைசி நாளில் காப்பகத்திலிருந்து கைபேசி எதுவும் வாங்காத ஒருவருக்குப் பதினேழு பிழைகள் எப்படிக் கிடைத்தன என்று மார்ச் 4 காலை கேட்டார்கள்.

“போன் எங்கம்மா?” என்றார் காப்பாளர்.

“இதுக்குள்ளதான் சார் இருக்கு.”

“வெளிய எடுங்க.”

“எடுக்க முடியாது சார். அது புரோகிராம்.”

“எடுக்க முடியாத அளவுக்கு எதுக்கு உள்ள வச்சீங்க?”

ஸ்க்ரீன்ஷாட் விளக்கினார். காப்பாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சன்னலுக்குள் இருந்த எண் பலகையைச் சொடுக்கித் தன் சொந்த எண்ணை அழைக்க முயன்றார்.

“பேச முடியாது. சரி. ஆனா பார்க்க போன் மாதிரி இருக்கு, போன் செய்யுற வேலைய செய்யுது. அப்போ அது போன்தான். பதிவு பண்ணாத போன்.” அவர் பேனாவைத் திறந்தார். “என்ன எடை?”

அப்படித்தான் தராசு வந்தது. முடிவில் எடை என்ற கட்டத்தில் ‘உண்டு, தெரியவில்லை’ என்று எழுதினார். கைபேசி எண் நாற்பத்து நான்கு. அதற்குரிய வில்லையை மடிக்கணினித் திரையில், சன்னல் தெரிந்த இடத்தின் மேலேயே ஒட்டினார். சன்னலை அங்கிருந்து நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் வில்லை இல்லாத கைபேசியைப் பயன்படுத்திய குற்றம். செயலியின் மேற்பாதி வில்லைக்கு அடியில் போய்விட்டது.

சார்ஜ் எவ்வளவு என்று கேட்டார். ஐம்பது என்று காட்டியது. ஸ்க்ரீன்ஷாட் அமைப்புக்குள் போய்ப் பட்டையை இழுத்து நூறாக்கினார். காப்பாளர் முகத்தில் முதன்முதலாக மரியாதை தெரிந்தது.

“பரவாயில்லையே! எவ்வளவு சீக்கிரமா ஏறுது. இந்த மாடல்ல இன்னும் ரெண்டு கிடைக்குமா?”

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஐந்து மணிக்கு நாற்பத்து நான்கு காப்பகத்துக்குத் திரும்பியது. அது மடிக்கணினிக்குள் இருந்ததால் மடிக்கணினியும் போனது. காலையில் விண்ணப்பம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

மார்ச் 11 அன்று ஸ்க்ரீன்ஷாட் அந்தக் கைபேசியை அழித்தார். செயலியை முதல் தடவை நிறுவும் வாடிக்கையாளருக்கு என்ன நடக்கும் என்று பார்க்கக் கைபேசி புத்தம்புதிதாக இருக்க வேண்டும். உலகில் எமுலேட்டர் வைத்திருக்கும் எல்லோரும் செய்வதுதான்: பழையதை நீக்கு, புதியதை உருவாக்கு, ஒரு நிமிட வேலை. மாலையில் காப்பக ஊழியர் வரிசை எண்ணைச் சரிபார்த்தார். பொருந்தவில்லை.

“நாற்பத்து நாலு எங்க?”

“அதை அழிச்சிட்டு இதைப் போட்டேன்.”

ஊழியர் எழுந்து நின்றார். காப்பாளர் வந்தார். காவலர் ஸ்க்ரீன்ஷாட்டின் கைப்பையைச் சோதித்தார். சீப்பு, மாத்திரை அட்டை, பேருந்துச் சீட்டுகள். கைபேசி இல்லை. அவருடைய சொந்தக் கைபேசி இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இது நிஜப் போன் என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஸ்க்ரீன்ஷாட் பழைய வரிசை எண்ணையே புதிய கைபேசிக்கு அமைத்துக் கொண்டுபோனார்.

“நம்பர் அதேதான் சார். பாருங்க.”

“நேத்து வேற நம்பர், இன்னைக்கு அதே நம்பர்.” காப்பாளர் தலையை ஆட்டினார். “நம்பர் மாத்தின திருட்டு போன் எத்தனை பார்த்திருப்பேன் நான்? என்கிட்டயேவா?”

முதல் மெமோ கைபேசியைத் தொலைத்ததற்கு. இரண்டாவது மெமோ போலி நாற்பத்து நான்கைத் தயாரித்ததற்கு.

விசாரணை மார்ச் 20 அன்று நடந்தது. துணைப் பொது மேலாளர் தலைமை வகித்தார். அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

“இந்தக் காப்பகத்த ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு போன் தொலைஞ்சிருக்கா? ஒரு கீறல் விழுந்திருக்கா? மத்த வங்கிக்காரங்க வந்து பார்த்துட்டு, எப்படி சார்னு அசந்து போறாங்க. ரகசியம் ஒண்ணுமில்ல. நாங்க யாருக்கும் குடுக்கிறதில்ல. முதல் தடவையா ஒருத்தருக்குத் தாராளமா நடந்துக்கிட்டோம். என்ன ஆச்சு? எட்டே நாள்ல காணாம போச்சு. நான் இந்தப் பொண்ண தப்பு சொல்லல. தாராளத்தத் தப்பு சொல்றேன்.”

“சார், அது கணினியில ஒரு ஃபைல்தான். எத்தனை வேணும்னாலும் போடலாம்,” என்றார் ஸ்க்ரீன்ஷாட்.

“பாருங்க, பாருங்க,” என்றார் துணைப் பொது மேலாளர், குழுவைப் பார்த்து. “ஒண்ணத் தொலைச்சவங்க எத்தனை வேணும்னாலும்கிறாங்க.”

அணித் தலைவரிடம் கருத்து கேட்கப்பட்டது. அவர் ஒன்பது வருடமாக ஐந்து கைபேசிகளுக்கு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பேசுவதைக் குறைத்துக்கொண்டவர். கருத்து இல்லை என்றார்.

தீர்ப்பு: அசல் நாற்பத்து நான்கை மார்ச் 31க்குள் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் பணி உறுதி கிடையாது. அன்றோடு பணி முடிவு.

வீட்டில் அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டே கதையைக் கேட்டாள்.

“இல்லாத போன எப்படிடி தொலைச்ச?”

“எனக்கு மட்டும் தெரியுமாக்கா? தொலைச்சிட்டேன்னு எழுத்துல குடுத்திருக்காங்க.”

“வீட்டுக்காரர் காலையிலயும் கேட்டாரு. லெட்டர் வந்துச்சான்னு. வர்ற வழியில நின்னு, செருப்ப பாத்துக்கிட்டே கேக்குறாரு மனுஷன்.” அக்கா ஒரு போர்வையை உதறினாள். “அந்த முனையப் பிடி. இழு. நீ அவங்ககிட்ட நியாயம் பேசினியா?”

“பேசினேன்.”

“அதான் தப்பு. எங்க சலவைக்கூடத்துக்கு ஒரு சூப்பர்வைசர் வந்தான் பாரு, கை துடைக்கிற துண்டுகூட ஒவ்வொண்ணா அவன் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் வார்டுக்குப் போகணும்னான். நாங்க சண்டையா போட்டோம்? ஆகட்டும் சார்னோம். ஒரு நாளைக்கு எண்ணூறு துண்டு. துண்டுக்கு ஒருத்தியா அவன் முன்னாடி போய் நின்னோம். சோத்துல கை வச்சா நின்னோம். பாத்ரூம் வாசல்ல நின்னோம். நாலாம் நாள் ரிஜிஸ்டரத் தண்ணித் தொட்டியில தானே தூக்கிப் போட்டுட்டு, ஐயோ நனைஞ்சிபோச்சேன்னான்.”

“இவரு நனைய விடமாட்டாருக்கா. ரிஜிஸ்டருக்கு பிளாஸ்டிக் உறை போட்டு வச்சிருக்காரு.”

“அப்போ இன்னும் நல்லது,” என்றாள் அக்கா. “எழுதினது எழுதினபடியே இருக்கும்.”

காப்பக விதிப் புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். ஸ்க்ரீன்ஷாட் அதை அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் படித்தார். அதை முழுவதும் படித்த முதல் ஆள் அவராக இருக்கக்கூடும். நாற்பதாம் பக்கத்துக்கு மேல் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. விதி 9: பதிவில்லாத கைபேசி எவர் கையில் இருந்தாலும் அன்று மாலை ஐந்துக்குள் ஒப்படைக்க வேண்டும். விதி 11: ஒப்படைக்கப்படும் கைபேசியைக் காப்பகம் மறுக்கக் கூடாது. விதி 12: காப்பாளரே ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து, திரையைத் துடைத்து, சார்ஜைச் சரிபார்த்து, மையால் பதிவேட்டில் எழுத வேண்டும். விதி 14: அன்று வந்தவை பதிவாகி முடியும்வரை காப்பக ஊழியர் எவரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. விதி 21: தவறான பதிவு ஒன்றுக்கு ஒரு மெமோ, மெமோ ஒன்றுக்கு ஒரு விளக்கம், கைப்பட, மூன்று பிரதிகள்.

மார்ச் 24, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் மடிக்கணினியோடு காப்பகத்துக்கு வந்தார்.

“கிடைச்சிருச்சு சார்.”

காப்பாளர் சிரித்தார். “நான் சொன்னேன்ல? மெமோ குடுத்தா கிடைக்கும். எங்க இருந்துச்சு?”

“நாற்பத்து நாலு தனியா இல்ல சார். கூட்டத்துல இருக்கு. ஒரே சீரியல் நம்பர்ல அறுநூறு போன் கிடைச்சிருக்கு. எது அசல்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் திருட்டு போன் பார்த்தாலே தெரியுமே. ஒவ்வொண்ணா பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்.”

அறுநூறையும் உருவாக்க அவருக்கு ஆறு வரி நிரல் போதுமானதாக இருந்தது. மதிய உணவுக்குப் போகும்போது ஓடவிட்டார். கை கழுவிவிட்டு வந்தபோது முடிந்திருந்தது. பெரிய எமுலேட்டராக இருந்திருந்தால் அந்தக் கணினியில் மூன்றுக்கு மேல் கொள்ளாது. இது இலகுவானது. அறுநூறும் ஒரே மூலப் பிரதியைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தன.

“இதெல்லாம் வாங்க முடியாது,” என்றார் காப்பாளர்.

ஸ்க்ரீன்ஷாட் விதி 11ஐத் திறந்து வைத்தார். காப்பாளர் படித்தார். அவரே எழுதிய விதி.

ஒப்படைப்புச் சீட்டில் அவர் கையெழுத்துப் போட்டபோது மணி ஐந்து. விதி 14 காப்பக ஊழியரைப் பற்றித்தான் பேசுகிறது. ஒப்படைத்தவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஸ்க்ரீன்ஷாட் வீட்டுக்குப் போனார். பதினொரு பேரும் போகவில்லை.

ஒரு கைபேசியை இயக்க இருபது நொடி, துடைக்க ஐந்து நொடி, எழுத அரை நிமிடம். முதல் நாற்பது கைபேசிகளைக் காப்பாளர் விதிப்படியே பார்த்தார் என்று பின்னர் ஊழியர் ஒருவர் சாட்சி சொன்னார். எழுபதாவதிலிருந்து இயக்குவதை நிறுத்தினார். நூறுக்கு மேல் மடிக்கணினியை மூடிவிட்டு, மூடியைத் துடைத்துக்கொண்டே ‘பார்த்தேன், துடைத்தேன், சார்ஜ் நூறு, அசல் அன்று’ என்று எழுதிக்கொண்டு போனார். எழுத்து மட்டும் கடைசிவரை அழகாக இருந்தது.

மறுநாள் காலை அணித் தலைவர் ஸ்க்ரீன்ஷாட்டின் இருக்கைக்கு வந்தார்.

“அந்த ஆறு வரி,” என்றார்.

“சார்?”

“எனக்கும் அனுப்பும்மா.”

மாலை அவர் நானூறு கைபேசிகளை ஒப்படைத்தார். ஒன்பது வருடத்தில் அவர் காப்பகத்துக்கு ஏதாவது கொண்டுபோனது அதுவே முதல் முறை. “எனக்கும் வழியில கிடைச்சுது,” என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசை மாடிப்படி வரை நின்றது. தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர், பத்து வரிக் காரணத்தில் ஒன்பதரை எழுதியவர், புதுக் கைபேசியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மட்டும் பார்த்தவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரிடமும் துணிப்பையில் ஒரு மடிக்கணினி இருந்தது.

புதன்கிழமை மாலை, பழைய நாற்பத்து மூன்றைச் சேர்க்காமல், பதிவேடு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்றில் நின்றது. தொண்ணூற்றேழு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் துணைப் பொது மேலாளர் பார்வையிட்டதற்கான சுருக்கொப்பம் இருந்தது. பக்கங்களை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு கைபேசிக்கும் தனி அறை வேண்டும் என்பதால் இருபத்தாறு இரும்பு அலமாரிகள் வந்து இறங்கின. நான்கு அலமாரிகள் துணைப் பொது மேலாளரின் அறையில் வைக்கப்பட்டன. அவர் பக்கவாட்டில் நடந்து தன் நாற்காலிக்குப் போனார். அலமாரிகளில் எதுவும் இல்லை, எல்லாம் பூட்டியிருந்தன.

அன்று ஸ்க்ரீன்ஷாட் உள் தணிக்கைப் பிரிவுக்கு ஒரே ஒரு வரி எழுதினார்: நிதியாண்டு முடிவதற்குள் கருவிக் காப்பகத்தின் 2,311 கைபேசிகளை நேரில் எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வழக்கம்போல ஒரு படத்தை இணைத்தார். பதிவேட்டின் கடைசிப் பக்கம்.

வியாழக்கிழமை காலை தணிக்கை அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண்மணி. அலமாரி ஒன்றைத் திறக்கச் சொன்னார்.

“காலியா இருக்கே?”

“உள்ள இல்ல மேடம். இந்தக் கம்ப்யூட்டருங்களுக்குள்ள இருக்கு,” என்றார் காப்பாளர்.

“வெளிய எடுங்க.”

காப்பாளர் பேனாவை மூடினார்.

“மதியம் மூணு மணிக்கு வர்றேன். ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினொண்ணும் மேசை மேல இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் யார் பொறுப்புன்னு எழுதிருவேன்.”

பதினொன்றரைக்கு ஸ்க்ரீன்ஷாட் துணைப் பொது மேலாளரின் அறைக்கு அழைக்கப்பட்டார். அலமாரிகளுக்கு நடுவே உட்கார இடமில்லாததால் காப்பாளரையும் சேர்த்து மூவரும் நின்றார்கள்.

“இதெல்லாம் அழிச்சிடும்மா,” என்றார் துணைப் பொது மேலாளர். குரல் மென்மையாக இருந்தது. “உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“நாலு நொடி சார். ஆனா ஒண்ண அழிச்சதுக்கே தொலைச்சிட்டேன்னு மெமோ குடுத்தீங்க. ரெண்டாயிரம்னா ஜெயிலுக்குத்தான் போகணும்.”

“அது தொலைஞ்சதா ஆகாதும்மா. அது போனே இல்லையே! வெறும் புரோகிராம்தானே? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“எழுத்துல குடுங்க சார்.”

துணைப் பொது மேலாளர் எழுதினார்: எமுலேட்டர் கைபேசி அன்று, அது என்றும் கைபேசியாக இருந்ததில்லை, அதை அழிப்பது இழப்பாகாது, இரு மெமோக்களும் ரத்து. ஸ்க்ரீன்ஷாட் நகரவில்லை. துணைப் பொது மேலாளர் பணி உறுதிக் கடிதத்தையும் அச்சிட்டு, கையெழுத்திட்டு, முத்திரை வைத்தார். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரீன்ஷாட் தன் இருக்கைக்குப் போய் எல்லோர் கணினிகளுக்கும் சேர்த்து ஒரு கட்டளை கொடுத்தார். நான்கு நொடி என்றது தவறு, மூன்றுதான் ஆனது. கணினிகள் முன்பைப் போலவே ஓடின.

மூன்று மணிக்குத் தணிக்கை அதிகாரி அந்த ஆணையை இரண்டு தடவை படித்தார்.

“அப்போ எதுவுமே போன் இல்ல.”

“ஒண்ணுகூட இல்ல மேடம்,” என்றார் துணைப் பொது மேலாளர், நிம்மதியாக.

“ஆனா இவரு, ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினொரு தடவை போன வாங்கினேன்னு எழுதியிருக்காரு. முக்கால்வாசிக்கு மேல பார்த்தேன், துடைச்சேன்னு வேற. இல்லாதத எப்படிப் பார்த்தாரு?”

“அதத்தான் மேடம் நானும் கேக்கணும்னு இருந்தேன்.” துணைப் பொது மேலாளர் காப்பாளரிடமிருந்து ஓரடி விலகினார். அலமாரி இடித்தது. “நான் ஆரம்பத்துலயே சொன்னேன், இவரு ரொம்ப அவசரப்படுறாருன்னு.”

“சார், நீங்கதானே சார்…” என்றார் காப்பாளர்.

“பக்கத்துக்குப் பக்கம் உங்க இனிஷியலும் இருக்கு,” என்றார் தணிக்கை அதிகாரி, துணைப் பொது மேலாளரைப் பார்த்து. பிறகு விதிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தார். விதி 21 உள்ள பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு செருகியிருந்தது.

மார்ச் 28 அன்று வீட்டுக்காரர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முத்திரை சரிதான் என்றார். ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு எழுதப்பட்டது.

ஏப்ரல் 2 அன்று துணைப் பொது மேலாளருக்குத் தொண்ணூற்றேழு மெமோக்களும், காப்பாளருக்கு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொரு மெமோக்களும் கொடுக்கப்பட்டன. காப்பாளருடையவை இரண்டு தள்ளுவண்டிகளில் வந்தன. பெற்றுக்கொண்டதற்கு ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்துப் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது.

அந்த வாரக் கடைசியில் அவர் சோதனைப் பிரிவுக்கு வந்தார். முதன்முறையாக வந்ததால் வழி கேட்டுக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, அந்த ஆறு வரி எழுதினீங்களே. அதே மாதிரி இந்த விளக்கத்துக்கும் ஏதாவது எழுத முடியுமா? எல்லாம் ஒரே பதில்தான். நம்பர் மட்டும்தான் மாறும்.”

“முடியும் சார். ஒரு நிமிஷ வேலை.”

காப்பாளரின் முகம் தெளிந்தது.

“ஆனா கைப்பட எழுதணும்னு விதி இருக்கே சார்,” என்றார் ஸ்க்ரீன்ஷாட். “நீங்க எழுதின விதி.” அவர் திரைக்குத் திரும்பினார்.

காப்பகம் மே முதல் தேதி கலைக்கப்பட்டது. ஊழியர்கள் பத்துப் பேர் வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டார்கள். காப்பாளர் விளக்கங்களை முடித்த பிறகே அடுத்த பணியிடம் ஒதுக்கப்படும். ஜூன் 30 நிலவரப்படி அவர் ஐந்நூற்று எட்டாவது விளக்கத்தின் இரண்டாம் பிரதியை எழுதிக்கொண்டிருந்தார்.